மூன்றாவது குழலுக்கு நாற்காலி இல்லை

விழுப்புரத்தில் நாங்கள் நான்கு பேர் ரெக்கார்டர் ஊதுகிறோம். வாயில் நேராக வைத்து ஊதும் மரக்குழல். ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் யாரோ நான்கு குழல்களுக்கென்று எழுதிய ஒரு இசைக்கோவைதான் எங்கள் ஒரே சொத்து. எங்களுக்குக் கற்றுத்தரும் டீச்சருக்கு முதல் குழல், மெட்டு முழுக்க அவரிடம். எனக்கு மூன்றாவது. மெட்டே கிடையாது. நடுவில் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், கூட்டமான பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கிற மாதிரி.

திண்டிவனத்தில் டீச்சரின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். மண்டப மேடையில் ஊதிப் பார்த்து முடித்தோம். பெண்ணின் மாமா வந்தார்.

"சார், சோபா போட்டதுல மூணு சேருக்குத்தான் எடம். நீங்க கீழ குந்துங்க."

"இது நாலு பேர் ஊதறதுங்க."

"நானும் கேட்டுக்கினுதான் இருந்தேன். நீங்க இன்னா, சும்மா பூ-னு புடிச்சிக்கினு நிக்கிறீங்க. ஜல்தியா போங்க, மொதப் பந்தில பிரியாணி சூடா இருக்கும்."

டீச்சரைப் பார்த்தேன். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க தம்பி" என்றார்.

கோபத்தோடு குழலையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கி உட்கார்ந்தேன். அதைவிட மோசம், உள்ளுக்குள் ஒருத்தன் கேட்டான்: நீ இல்லாமலேயே நல்லா இருந்துட்டா?

மூன்று பேர் ஆரம்பித்தார்கள். நடுவில் பெரிய ஓட்டை. எனக்குக் கேட்டது. முன்வரிசையில் ஒருவர் கண்ணை மூடித் தலையாட்டி ரசித்துக்கொண்டிருந்தார். ஓட்டையை ரசிக்கிறான் பாவி! அதுதான் பொறுக்கவில்லை.

தண்ணீர் கேன்களுக்குப் பக்கத்தில் எழுந்து நின்று ஊதினேன். இந்தக் குழலில் அழுத்தி ஊதினால் சத்தம் மட்டும் ஏறாது, சுருதியும் ஏறும். என் ஆத்திரம் அத்தனையும் அந்த ஒரே ஸ்வரத்துக்குள் போனது. மேடையிலிருந்து டீச்சர் முறைத்தார். நான் சுருதியை இறக்குவதாக இல்லை. வேறு வழியில்லாமல் அவர்களும் அழுத்தி ஊதி மேலே வந்து சேர்ந்தார்கள். முகம் சிவக்க நான்கு பேரும், நான்கு குரலுமாக முடித்தோம். ஓட்டை அடைபட்டது.

கைதட்டலுக்கு நடுவே மாமா என்னிடம் ஓடி வந்தார்.

"கடைசில செம சவுண்டு சார்! ஆனா கீழேருந்து எவனோ ஹாரன் அடிச்சிக்கினே இருந்தான், பாத்தீங்களா?"

"பாத்தேன்" என்றேன், குழலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு. "ஒரு சேர் போட்டுக் குடுத்திருந்தா அடிச்சிருக்க மாட்டான்."