சாமளாபுரத்தில் எரிந்த அடுப்பு

காலை எட்டு மணிக்குப் பல்லடத்தில் பஸ் ஏறினேன். சாமளாபுரத்துக்கு எட்டு மைல். டிக்கெட் நாற்பது பைசா.

"தாலுகா ஆபீசுல ரிட்டயர்டு ஆனப்பறமும் விசாரணைக்குத்தான் போறீங்களா?" என்றார் கண்டக்டர்.

"சம்பளம் நின்னுது, பழக்கம் நிக்கலீங்க."

ஊரில் இறங்கியதும் விசைத்தறிச் சத்தம் காதை அடைத்தது. என்னை வரச்சொல்லியிருந்த தறிக்காரரின் கொட்டகைக்குப் பின்னால் ஓர் ஓலைச் சார்ப்பு. அதில் செல்லம்மாளும் அவளது இரண்டு பெண் குழந்தைகளும் குடியிருக்கிறார்கள். பர்மாவிலிருந்து காட்டுவழியே நடந்து வந்தவர்கள். நடந்து வந்தவளிடம் சர்க்கார் கப்பல் சீட்டைக் கேட்டது. இல்லை என்றதும் அகதி இல்லை என்று மனுவைத் தள்ளியது. முகாமும் இல்லை, கடனும் இல்லை. ரேஷன் கார்டும் இரண்டு முறை மறுக்கப்பட்டிருந்தது. நூல் சுற்றும் கூலிக்குக் கள்ளச்சந்தை அரிசி எட்டாது. குழந்தைகள் மரவள்ளிக்கிழங்கில் காலம் தள்ளின. இன்று மூன்றாவது விசாரணை.

நான் போனபோது செல்லம்மாள் அடுப்புக் கற்களைப் பெயர்த்து வேலிக்கு வெளியே போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது?"

"இன்ஸ்பெக்டர் வாராகய்யா. கப்பல் சீட்டு இல்லாம இங்க குடியிருக்கோம்னு தெரிஞ்சா வெரட்டிருவாகல்ல?"

"போன தடவையும் இப்படித்தானா?"

"சாம்பல்கூடத் தெரியாமத் தொடைச்சு வச்சேன்ய்யா."

கப்பல் சீட்டு அகதிச் சலுகைக்கு. ரேஷன் கார்டுக்குத் தனி அடுப்பு எரிந்தால் போதும்; அடுப்பைக் காணாமல்தான் இரண்டு முறையும் மறுத்திருந்தார்கள். இந்த விதியை அவளிடம் சொல்வது எந்த அதிகாரியின் கடமையும் அல்ல என்பதால் யாரும் சொல்லவில்லை.

"கல்லைத் திரும்ப வை. இருக்கறதுலயே வாசம் பலமானதைச் சமை."

பத்தரைக்கு ரேஷன் இன்ஸ்பெக்டர் வந்தார். வேலியருகிலேயே மூக்கைப் பொத்தினார். உள்ளே நாப்பி வறுபட்டுக்கொண்டிருந்தது. மீனை ஊறப்போட்டு அரைக்கும் பர்மா விழுது.

"ஏனுங்க, இங்க என்ன செத்துக் கெடக்குது?"

"சமையலுங்க. உள்ள வந்து பாருங்க. நேரில பாக்கோணும்னு விதி."

"வேண்டாமுங்க, நம்பறனுங்க! உம்பேரச் சொல்லம்மா."

"கப்பல் சீட்டு இல்லய்யா" என்றாள் செல்லம்மாள்.

"அரிசி வாங்கறதுக்கு எதுக்கம்மா கப்பல்?"

காற்றுக்கு எதிர்ப்பக்கம் நகர்ந்து நின்று, மூன்று பேருக்குக் கார்டு எழுதிக் கையெழுத்துப் போட்டார். கொட்டகை வாசலில் எட்டிப்பார்த்த தறி ஓட்டுகிறவர்கள் விசிலடித்தார்கள்.

செல்லம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "நாப்பிக்கு இப்படி ஒரு மரியாதை ரங்கூன்லகூடக் கெடைக்கலய்யா."

அன்று மாலையே அவள் ரேஷன் கடை வரிசையில் நின்றாள். முதல் அரிசியை வாங்கி வந்து உலையில் போட்ட பிறகுதான் நான் பஸ் ஏறினேன்.

பல்லடத்தில் என் வீட்டுக்கும் கார்டு உண்டு. அதைக் கொடுப்பதற்கு முன் யாரும் என் அடுப்படியை மோந்து பார்த்ததில்லை.