மாமா மகள் வீட்டுக் கண்ணாடிக் கதவுகள்

என் கணவரை "அத்தான்" என்று கூப்பிடுகிறவள் இந்த நாட்டில் ஒருத்தி இருந்தாள். அவருடைய தாய்மாமா மகள். துபாய் மிர்திபில், தோட்டம் வைத்த வில்லாவில் இருந்தாள். நாங்கள் ஷார்ஜா முவைலாவில் ஒரு படுக்கையறை ஃப்ளாட்டில் இருந்தோம். நான் ஒரு கிளினிக்கில் நர்ஸ். அவர் அலுமினியம், கண்ணாடி வேலை செய்யும் கம்பெனியில் ஃபோர்மேன். மாமா மகளின் கணவருக்கு மஸ்கட்டில் மொத்த வியாபாரம். மாதத்தில் முக்கால்வாசி நாள் அங்கேதான். அவளும் இரண்டு பெண் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்துக்காக இங்கே இருந்தார்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் அவளைத்தான் என் கணவருக்குக் கேட்டிருக்கிறார்கள். ஊரில் இரண்டு விசைப்படகு வைத்திருந்த தாய்மாமா, "அலுமினியம் அறுக்கிறவனுக்கு என் பிள்ளையைக் கொடுக்க மாட்டேன்" என்று வாசலில் வைத்தே சொல்லி அனுப்பிவிட்டாராம். இதை என்னிடம் சொன்னது என் மாமியார். அதுவும் கல்யாணமான முதல் வாரத்திலேயே. ஏன் சொன்னார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் என் மனதில் ஒரு ஓரமாக உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் தோசை சுட்டுக்கொண்டிருந்தபோது அவருக்குப் போன் வந்தது. ஸ்பீக்கரில் அவள் குரல். "அத்தான், தோட்டத்துப் பக்கம் இருக்க கதவு ஒண்ணுமே பலமில்ல. ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போறீங்களா?"

அவர் சட்டென்று ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் பால்கனிக்குப் போனார். எங்கள் பால்கனியின் ஸ்லைடிங் கதவில் நாங்கள் குடிவந்த நாளிலிருந்தே கொக்கி கிடையாது. அது தானாகத் திறக்காமலிருக்க நான்தான் கீழ்த் தண்டவாளத்தில் ஒரு மாப் கம்பை வைத்திருந்தேன். அந்தக் கம்பை எடுத்து ஓரமாகச் சாய்த்துவிட்டு, வெளியே போய், கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு பேசினார். பேசி முடித்து உள்ளே வந்தபோது தோசை கருகியிருந்தது.

"கதவு சரியில்லையாம். ஒரு நடை போய்ப் பாத்துட்டு வந்துடுதேன்."

"நம்ம கதவும்தான் சரியில்ல. ரெண்டு வருசமா சொல்லிக்கிட்டு இருக்கேன்."

"இந்த ஊர்ல திருட யாரு வாறான் பிள்ள? அதுவும் ஆறாவது மாடிக்கு?"

"அப்போ மிர்திப்ல மட்டும் வாறானாக்கும்?"

ஞாயிறு ஆராதனைக்கென்று நான் தேய்த்து வைத்திருந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

சாயங்காலம் திரும்பியபோது அவர் கையில் மீன்குழம்பு வாசனை. எனக்குப் பசிக்கவில்லை. அவரோ காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் அவள் வீட்டுக் கதவுகளை வரைந்துகொண்டிருந்தார். நான் கேட்காமலே விளக்கினார். வரவேற்பறையில் பெரிய ஸ்லைடிங் கதவு. மேலே இடைவெளி அதிகம் இருப்பதால், வெளியே நின்று இரண்டு கையாலும் தூக்கினால் தண்டவாளத்தை விட்டுக் கதவே கழன்று வந்துவிடும். சாப்பாட்டறையில் இரட்டைக் கண்ணாடிக் கதவு. அதில் ஒரு பக்கத்தைப் பிடித்து வைத்திருப்பது விரல் நீளத் தாழ்ப்பாள் ஒன்றுதான். கீல்களோ வெளிப்பக்கம்; கீலின் ஊசியைத் தட்டி எடுத்தால் பூட்டியிருந்தாலும் பிரயோஜனமில்லை.

"மேல கட்டை வச்சு இடைவெளிய அடைக்கணும். கீழ ஒரு பூட்டு. இரட்டைக் கதவுக்கு மேலயும் கீழயும் நீளமான போல்ட். கீலையும் மாத்தணும்" என்றார். எங்கள் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு யோசித்தவரில்லை.

அடுத்தடுத்து மூன்று ஞாயிறு போனார். கம்பெனியில் கழித்துப்போட்ட கட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு போனார். துபாய் கராமாவில் கடை கடையாக ஏறி நல்ல பூட்டு தேடினார். நான்காவது ஞாயிறு, "நானும் வாறேன்" என்றேன். அவர் முகத்தில் ஒரு தயக்கம் வந்து போனது. அதைப் பார்த்த பிறகு கட்டாயம் போவது என்று தீர்மானித்துக்கொண்டேன்.

அவள் பழைய நைட்டியில், தலை வாராமல், கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்து நின்றாள். அப்படியும் அழகாக இருந்தாள். அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. "வாங்க அக்கா" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தாள். மாடியில் ஏதோ அறையில் டி.வி. சத்தம். நான் வீட்டைச் சுற்றிப் பார்க்க எழுந்தபோது, "மேல வேண்டாம் அக்கா, ஒரே குப்பையா கிடக்கு" என்று படிக்கட்டில் குறுக்கே நின்றாள்.

பிறகு டீ கொண்டுவந்தாள். "அத்தானுக்கு இஞ்சி தட்டிப் போட்டாத்தான் பிடிக்கும். சின்ன வயசுலயே அப்படித்தான்." ஆறு வருடமாக நான் அவருக்கு ஏலக்காய் டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாளும் அவர் வேறு கேட்டதில்லை. இப்போது இஞ்சி டீயை உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தார்.

வேலை தொடங்கியது. அவர் ஸ்டூலில் ஏறி நின்றார். அவள் கீழே நின்று டார்ச் பிடித்தாள். அவர் கை நீட்டுவதற்கு முன்பே சரியான ஸ்க்ரூவை எடுத்து வைத்தாள். நான் சோபாவில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஸ்லைடிங் கதவை முடித்துவிட்டு, இரட்டைக் கதவின் ஒரு பக்கத்துக்குப் போல்ட் வைக்க அளவெடுத்தார்.

"இன்னும் கொஞ்சம் மேல, அத்தான். கை எட்டக்கூடாது."

"யாரு கை எட்டக்கூடாது?" என்று கேட்டேன்.

அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு நொடிதான். "பிள்ளைங்கதான் அக்கா" என்றாள். பிள்ளைகள் இரண்டும் என் தோளுக்கு வளர்ந்தவர்கள்.

அவள் வீட்டையோ தோட்டத்தையோ பார்த்து எனக்கு அவ்வளவு பொறாமை வரவில்லை. அந்த ஒரு பார்வைதான் என்னை எரித்தது. அவர்களுக்குள் எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருந்தது. அதற்குக் கதவு ஒரு சாக்கு என்று நினைத்தேன்.

மறுநாள் டூட்டி இடைவேளையில் ஊருக்கு, என் மாமியாருக்குப் போன் போட்டேன். நலம் விசாரிக்கிற மாதிரி தொடங்கி, "உங்க அண்ணன் மகளுக்கு வாராவாரம் கதவு ரிப்பேர். அவ புருசன் வேற ஊர்ல இல்ல. நான் என்னத்தச் சொல்ல அத்தே" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை என்று எனக்குத் தெரியும்.

அன்று மாலையே மாமியார் அவளைக் கூப்பிட்டுக் கிழித்துவிட்டார். கல்யாணமான ஆம்பிளையை வாராவாரம் எதற்குக் கூப்பிடுகிறாய் என்று கேட்டிருக்கிறார். அவள் என் கணவரிடம், "இனி வராதீங்க அத்தான், நான் வேற ஆள் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டாள். அவர் டூல் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். உள்ளுக்குள் எனக்குத் திருப்தியாக இருந்தது. ஸ்லைடிங் கதவு முடிந்திருந்தது. இரட்டைக் கதவுக்கு ஓட்டை மட்டும் போட்டிருந்தார், போல்ட் போடவில்லை.

அடுத்த வாரம் புதன்கிழமை, ஆகஸ்ட் வெயில். நான் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது அவர் விடாமல் கூப்பிட்டார். எடுத்தேன். "மாமா வீட்ட விட்டு வெளிய போயிட்டாரு பிள்ள. ரெண்டு மணி நேரம் வெயில்ல கிடந்திருக்காரு. ஆஸ்பத்திரியில இருக்கோம். நீ வா."

"எந்த மாமா?"

"தாய்மாமாதான். மூணு மாசமா இங்கதான் இருக்காரு."

டாக்ஸியில் போகும்போதுதான் போனில் மற்றதைச் சொன்னார். மாமாவுக்கு ஒரு வருடமாக ஞாபகம் தப்பிக்கொண்டிருந்திருக்கிறது. ஊரில் சர்ச் சபைக் கமிட்டியில் தலைநிமிர்ந்து உட்கார்ந்திருந்த மனுஷன். சென்னையில் மகன் வீட்டில் இருப்பதாக எல்லோரிடமும் சொல்லிவிட்டு, மகள் அவரை விசிட் விசாவில் இங்கே கூட்டி வந்துவிட்டாள். ஊருக்கோ, கூடப் பிறந்த தங்கையான என் மாமியாருக்கோகூடத் தெரியக்கூடாது என்று என் கணவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். மாமா எந்நேரமும் கடலுக்குப் போக வேண்டும் என்று கதவைத் திறந்துகொண்டு கிளம்புவாராம். மேலே வைக்க அளவெடுத்த போல்ட், கை எட்டக்கூடாத உயரம், மாடியில் சாத்தியிருந்த அறை எல்லாம் அவருக்காகத்தான். திருடன் உள்ளே வருவதற்கு அவள் பயப்படவில்லை. அப்பா வெளியே போவதற்குத்தான் பயந்தாள்.

போல்ட் இல்லாத அந்த இரட்டைக் கதவு வழியாகத்தான் அவர் போயிருக்கிறார். மசூதிச் சுவர் ஓரத்தில் விழுந்து கிடந்தவரை டெலிவரி பைக் ஓட்டுகிற ஒரு பாகிஸ்தான் பட்டாணியர் பார்த்திருக்கிறார். சட்டைக் காலருக்குள் மகள் தைத்து வைத்திருந்த நம்பரைப் பார்த்து, "பாபா இதர் ஹே, ஜல்தி ஆவோ", பெரியவர் இங்கே இருக்கிறார், சீக்கிரம் வாருங்கள் என்று போன் செய்து, ஆம்புலன்ஸ் வரும்வரை தன் தண்ணீர் பாட்டிலை அவர் தலையில் ஊற்றிக்கொண்டே இருந்தாராம். அந்த மனிதர் இல்லையென்றால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

வெயில் அடித்து உடம்பு கொதித்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். யார் பிழைப்பார், யார் பிழைக்கமாட்டார் என்று தெரியும். மானிட்டரைப் பார்த்தேன், கட்டிலில் தொங்கிய சிறுநீர்ப் பையைப் பார்த்தேன், பிழைத்துக்கொள்வார் என்று தெரிந்தது. தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தவளிடம் அதைச் சொன்னேன். அவள் என் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். அதைவிட அவள் என்னை அடித்திருக்கலாம்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் அவரிடம் சொன்னேன். "உங்க அம்மாவுக்குப் போன் போட்டது நான்தான்."

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டா சொல்லியிருப்பீங்களா?"

யோசித்துப் பார்த்தார். "சொல்லியிருக்க மாட்டேன்" என்றார். "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டேன்."

"நான் யாரோவா?"

என் தவறு எவ்வளவு பெரியது என்று தெரிந்த பிறகும் அந்தக் கோபம் எனக்குக் குறையவில்லை. இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

மூன்றாம் நாள் மாமா கண் திறந்து நன்றாகப் பேசினார். நான் லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். வெடித்த உதட்டை ஈரப் பஞ்சால் துடைத்தபோது, "யாரு தாயி நீ?" என்று கேட்டார்.

"உங்க தங்கச்சி மருமக, மாமா."

"அவனுக்குக் கல்யாணம் ஆயிட்டா?" என்று ஆச்சரியப்பட்டார். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கால்மாட்டில் என் கணவர் நிற்பது தெரியாமல், குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "என் பிள்ளைய அவனுக்குத்தான் குடுக்கணும்னு நினைச்சிருந்தேன். நல்ல வேலக்காரன். கை சுத்தம். அவனவிட்டா நல்ல மாப்பிள்ள எங்க கிடைப்பான்?"

அவள் ஜன்னலோரம் நின்றிருந்தாள். எனக்கு மறுபடியும் பொறாமை பற்றிக்கொண்டு எரிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிற கிழவர்மேலேயே எரிந்தது. "குடுத்திருக்கலாம் மாமா" என்றேன். "இப்ப நேரம் போயிட்டு. நான் விடமாட்டேன்."

அவள்தான் முதலில் சிரித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். என் கணவர் காது சிவந்து கதவைப் பார்த்தபடி நின்றார்.

அந்த ஞாயிறு நாங்கள் இருவரும் போய் வேலையை முடித்தோம். ஸ்டூலில் அவர், டார்ச்சோடு நான். அவள் எங்கள் பக்கம் வராமல் சமையலறையிலேயே இருந்துகொண்டாள். மேலும் கீழும் நீளப் போல்ட், புதுக் கீல், திறந்தால் மணி அடிக்கிற சின்னக் கருவி ஒன்று. தீப்பிடித்தால் பிள்ளைகள் வெளியே ஓட வேண்டுமே என்று, ஸ்டூலில் ஏறி மேல் போல்ட்டை எப்படி இழுப்பது என்று பெரியவளைப் பத்து முறை செய்து காட்டச் சொன்னார் அவர். நான் இரண்டு முறை தவறான ஸ்க்ரூவை எடுத்துக் கொடுத்தேன். பொறுமையாகத் திருப்பிக் கொடுத்தார்.

அக்டோபரில் சென்னையிலிருந்து அவர் மகன் வந்து மாமாவை ஊருக்கே கூட்டிக்கொண்டு போனார். எல்லாருக்கும் விஷயம் தெரிந்தது. தெரிந்ததால் குடி முழுகிவிடவில்லை. என் மாமியாரே ஒவ்வொரு நாளும் போய் அண்ணனுக்குச் சோறு ஊட்டினார். பள்ளி வருடம் முடிந்ததும் மாமா மகள் வில்லாவைக் காலி செய்துவிட்டு மஸ்கட்டுக்குக் கிளம்பினாள். வீட்டு ஓனரின் ஆள் வந்து பார்த்துவிட்டு, நாங்கள் போட்டதையெல்லாம் கழற்றிக் கதவை முன்னால் இருந்தபடியே ஆக்கித் தர வேண்டும் என்று சொல்லிவிட்டான்.

மறுபடி போனோம். அவர் போல்ட்களைக் கழற்றிவிட்டுக் காரில் வைக்கப் போனார். நானும் அவளும் வெறும் தரையில் உட்கார்ந்து சட்டத்தில் இருந்த ஓட்டைகளில் பட்டிப் பசை வைத்து அடைத்துக்கொண்டிருந்தோம். நான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம்.

"அக்கா, அத்தைகிட்ட சொன்னது நீங்கதான்னு எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள், என்னைப் பார்க்காமல்.

பட்டிக் கத்தியைக் கீழே வைத்தேன். "ஏன் கேக்கல?"

"ஆஸ்பத்திரியில நீங்க மூணு நாளும் அப்பா பக்கத்துலயே இருந்தீங்க. அப்ப எப்படிக் கேக்க?" விரலால் பட்டியை வழித்துச் சமமாக்கினாள். "ஆனா கோவம் இருந்துச்சு. இப்பவும் கொஞ்சம் இருக்கு."

"எனக்கும் கொஞ்சம் இருக்கு" என்றேன்.

அவள் தலையாட்டினாள். கீழ் வரிசையில் இன்னும் நான்கு ஓட்டைகள் பாக்கி இருந்தன. பட்டி டப்பாவை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.