யோகநாதன் அனுப்பிய ரெகுலேட்டர்

என் சின்னம்மாவின் மூத்த மகன் சிவபாதசுந்தரம் கொட்டாஞ்சேனையில் பல் கட்டுகிறவன். மெழுகில் பல்லைப் பதித்து, விரல் நுனியளவு காஸ் சுடரால் இளக்கி ஒட்டுவான். அந்தச் சுடர் அசையக்கூடாது.

காஸ் சிலிண்டரில் பூட்டியிருந்த பழைய ரெகுலேட்டர் கசியத் தொடங்கியது. புதிது வாங்கப் புறப்பட்டவனை, ஜெர்மனியில் தொழிற்சாலையில் வேலை செய்யும் தம்பி யோகநாதன் ஃபோனில் மறித்து, தானே ஒன்றைத் தெரிவு செய்து அனுப்பினான். தேங்காயளவு பித்தளை! பெரிய சூளைகளுக்குப் பூட்டுகிற சாமான். சொந்தக்காரர் வந்து தடவித் தடவிப் பார்த்தார்கள்.

அது சிலிண்டரில் பொருந்தவில்லை; சிவபாதசுந்தரம் இடையில் ஒரு மூட்டுக் கடைந்து பூட்டினான். காஸ் நிறையப் போனால் ஒழுங்காக நிற்கும். துளியாகக் கேட்டால் திணறும். சுடர் சுருங்கும், திடீரென்று சீறும். வெள்ளவத்தை லொட்ஜில் தங்கி, வெள்ளிக்கிழமை கனடாவுக்கு மகளிடம் போகவிருந்த பாலேஸ்வரியக்காவின் பல் வரிசை ஒரு சீறலில் உருகிச் சரிந்தது. அன்று புதன்.

காஸ் கடை ராசிக் வந்து பார்த்துச் சிரித்தான்.

"என்ன மாஸ்டர், பஸ் எஞ்சின வெச்சா தையல் மெஷின் ஓட்டுறீங்க? சின்னது ஒண்டு ஈக்கி, தாரன்."

சிவபாதசுந்தரத்தின் மனைவி நேசமலர் விடவில்லை. "தம்பி அனுப்பினதைக் கழட்டினா அவர் என்ன நினைப்பார்?"

அவன் வெளிநாட்டுக்கு ஃபோன் எடுக்கிற கொமினிகேஷன் கடைக்கு நடந்தான். நானும் போனேன். யோகநாதனின் குரல் எனக்கும் கேட்டது.

"அண்ணை, பூட்டினியளோ?"

"பூட்டினன். அக்கான்ர பல்லு வழிஞ்சு போச்சு. கழட்டப் போறன்."

"எங்கட ஃபேக்டரியில அதுதான் திறம். நீங்கள் பாவிக்கிற விதம் பிழை."

"விதம் பிழையோ? என்ர மேசையைக் கண்ணால கண்டனியோடா? எனக்குச் சேட்டு நீ எடுக்கிறாய், தோளில நிக்குதில்லை. என்ர பெட்டைக்கு மாப்பிள்ளை நீ பாக்கிறாய். நான் எங்க இருக்கோணும் எண்டும் நீதான் சொல்லுறாய். இந்தச் சுடர் என்ர. இதுக்கு எது சரியெண்டு நான் பாப்பன்!"

ஃபோனை அறைந்து வைத்தான். நேரே ராசிக்கிடம் போய், கைக்குள் அடங்குகிற ரெகுலேட்டரை வாங்கிப் பூட்டினான். சுடர் குத்தி வைத்த ஊசிபோல நின்றது. வெள்ளி காலை சோதனைச் சாவடியில் ஆமிக்காரனுக்குப் பல் பெட்டியையும் திறந்து காட்டிவிட்டு லொட்ஜுக்கு ஓடினான். அக்கா பல்லோடு பிளேன் ஏறினார்.

யோகநாதன் பிறகு நாலு வருஷம் கதைக்கவில்லை. எங்கள் ஆட்கள் இன்றும் சிவபாதசுந்தரத்தைத்தான் திமிர் பிடித்தவன் என்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பொக்கை வாயோடு பாலேஸ்வரி போயிருந்தால் யாரை ஏசியிருப்பீர்கள் என்று கேட்கிறேன்.