காஷ்மீரில் தொடங்கும் மழைச் செய்தி

பிள்ளைகளா, பக்கத்து உப்பளத்துக்காரரிடம் நான் ஏன் நேராகப் பதில் சொல்வதில்லை என்று கேட்கிறீர்கள். எழுதியே வைத்துவிடுகிறேன்.

போன வருஷம் வரை என்னிடம் இருந்தது பட்டன் போன்தான். மழை உண்டா இல்லையா என்று அவர்தான் தன் போனைப் பார்த்து வரப்பில் நின்று சொல்வார். வைகாசியில் ஒரு நாள் பார்த்தால், அவருடைய உப்பு அம்பாரம் முழுக்க ஓலையால் மூடிக்கிடந்தது. கோடையில் யாரும் அப்படி மூடுவதில்லை. கேட்டேன்.

“தூசி விழுது அண்ணாச்சி, அதான். அஞ்சு நாளைக்கு மழை கெடையாது. தெக்க ஒண்ணுமே போடல.”

நம்பினேன். மறுநாள் மத்தியானம் கொட்டியது. நாற்பது நாள் வாரிக் குவித்த உப்பு கரைந்து வாய்க்காலில் போனது. என் உப்பு போனால் அவர் உப்புக்கு விலை ஏறும், அவ்வளவுதான். உங்கள் அம்மாவுக்குக் கால் வெடிப்பு மட்டும் மிச்சம். அன்றைக்கே மனதில் முடிந்து வைத்தேன்.

மூத்தவளே, நீதான் புதுப் போன் வாங்கித் தந்து, அதில் ஐந்து நாள் வானிலை அட்டவணையைப் படிக்கச் சொல்லிக்கொடுத்தாய். காஷ்மீரில் பனி, ராஜஸ்தானில் அனல், பீகாரில் இடி, அஸ்ஸாமில் கனமழை என்று நாடெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில்தான் தென் தமிழகம் வரும். எட்டாவதோடு நின்றவன் நான். அந்த இங்கிலீஷை எழுத்துக் கூட்டியே படித்தேன். அவர் போனிலோ இன்றைக்கும் நாளைக்கும் மட்டும்தான் சூரியன், மேகம் படம் வரும் என்று பிறகுதான் தெரிந்தது.

இந்தச் சித்திரையில் அந்தக் கடைசி வரியில் நாலாம் நாளுக்குக் கனமழை போட்டிருந்தது. நான் மூச்சு விடவில்லை. அம்பாரம் மூட எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு பெண்கள் கூட்டம்தான் உண்டு. முந்திச் சொல்லிவைத்தவருக்குத்தான் வருவார்கள். அத்தனை பேரையும் அந்த நாளுக்குச் சொல்லிவைத்தேன். கேள்விப்பட்டு அவர் சிரித்தார்.

“உப்புக்கு வேர்க்குதாக்கும், குடை பிடிக்கப் போறீயளோ?”

முந்தின நாள் சாயங்காலம்தான் அவர் போனில் மேகம் வந்ததாம், அதற்குள் வேறு ஆள் கிடைக்கவில்லை. நாலாம் நாள் காலையில் கிழக்கே கறுத்தது. ஓடி வந்தார்.

“அண்ணாச்சி, பாதி ஆளையாவது விடுங்க.”

“தெக்க ஒண்ணுமே போடலையே தம்பி” என்றேன்.

அந்த ஒரு வரிக்காக ஒரு வருஷம் காத்திருந்தேன். என் உப்பை மூடி முடித்ததும் பெண்கள் தாங்களாகவே அவர் வரப்புக்குப் போனார்கள். போகவேண்டாம் என்று கத்தினேன்.

“உம்ம உப்பு மூடியாச்சுல்லா. நனையுறது உப்புதான, அவன் மூஞ்சியா” என்றாள் ஒருத்தி.

பாதி தப்பியது. மீதி கரைகிற வரை மழையிலேயே நின்று பார்த்தேன். அதற்காக எனக்கு வருத்தமில்லை.

இப்போது தினமும் காலையில் என்னிடம் மழைச் செய்தி கேட்க அவர்தான் வரப்பில் வந்து நிற்கிறார். நான் பொய் சொல்வதில்லை. ஆனால் காஷ்மீரிலிருந்துதான் தொடங்குவேன். ஒரு மாநிலம் விடமாட்டேன், ஐந்து நாளையும் சொல்வேன். “நம்ம ஊருக்கு என்ன அண்ணாச்சி?” என்று வெயிலில் கால் மாற்றி நிற்பார்.

“வாரேன் தம்பி, இப்பதான் பீகாருக்கு வந்திருக்கேன்.”