இங்கேலாவின் பீரங்கி உதை

கார்ல்ஸ்கூகா ஊர்ப் பீரங்கி ஆலையில் இங்கேலா எனக்குப் பக்கத்து மேசை. கப்பல் பீரங்கி வெடித்ததும் குழல் பின்னால் உதைக்கும். அந்த உதையை எண்ணெய் உருளையில் வாங்கிக்கொண்டு, குழலை மறுபடி முன்னுக்கு அனுப்பும் அமைப்பை வடிவமைப்பது அவள் வேலை. அவளுடைய குழல் கடைசி ஒரு சாண் தூரத்தில் வேகம் தணிந்து, பூனை மெத்தையில் உட்கார்வதுபோல வந்து அமரும். என்ன பிரயோஜனம்? ஏரிக்கரைச் சோதனையில் நாங்கள் நாலு பேர் பார்த்ததோடு சரி.

அவளுக்குக் கீழே இருந்த தூர்கெல், வேலையை விட்டுப்போய்க் கணினி விளையாட்டுக்கு விண்கப்பல் பீரங்கி வரைந்தான். ஊரே கொண்டாடியது. அதைக்கூடப் பொறுத்திருப்பாள். அவள் கணவன் சிக்ஸ்தனே தினமும் சாப்பிட்டதும் அந்த விளையாட்டைத் திறந்து, தூர்கெலின் பீரங்கி சுழலும் கூண்டுக்குள் போய் உட்கார்ந்துவிடுவான். மனைவியின் பீரங்கியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவளுக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே?

ஒருநாள் பழைய சிநேகிதர்களைப் பார்க்க தூர்கெல் ஆலைக்கு வந்தான். காபி மேசையில் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டா, உன் பீரங்கி என்ன சுவத்துல அடிச்ச ஆணியா? அவ்ளோ பெரிய குண்டு போகுது, குழல் இம்மிகூட அசையல. நெஜத்துல கூண்டே பிச்சுக்கிட்டுப் போயிருக்கும்!"

எல்லோரும் சிரித்தோம். தூர்கெலின் காது சிவந்தது. அதோடு விட்டிருக்கலாம்.

"அப்ப எப்படிக்கா இருக்கணும்?"

தப்பான இயந்திரத்தைத் திருத்தாமல் விட எங்கள் ஊர்க்காரர்களால் முடியாது, செய்தவன் ஜென்ம விரோதியாக இருந்தாலும். ஏலக்காய் பன்னில் கரண்டியைக் குழல்போலச் செருகிக் காட்டினாள்.

"படார்னு பின்னால வரணும். திரும்பிப் போறப்ப அவசரமே கூடாது. கடைசி ஒரு சாண்... இப்படி, மெதுவா."

நுணலும் தன் வாயால் கெடும். மேசைக்கடியில் அவள் காலை மிதித்தேன், கேட்டால்தானே!

சில மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை, அவர்கள் வீட்டில் பட்டாணி சூப் குடித்துக்கொண்டிருந்தேன். உள்ளறையிலிருந்து சிக்ஸ்தன் கத்தினான்.

"இங்கேலா, ஓடி வா! புதுசா மாத்தியிருக்கான். குழல் வந்து உக்கார்ற அழகைப் பாரு! தூர்கெல் தூர்கெல்தான்!"

போய்ப் பார்த்தோம். அச்சு அசல் அவளுடையது.

"உன்னோடதுன்னு சொல்லேன்" என்று அவள் காதில் சொன்னேன்.

"சொன்னா, பொறாமையில சொல்றேன்னுவான்."

நாற்காலியை இழுத்துப் போட்டுக் கணவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவை சுடு, பாப்போம்" என்றாள்.