புகைவீட்டில் காயவைத்த துணி

குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், வரிசையாகக் கட்டிய லயத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரே அறை. அதில் நான், என் புருஷன், மாமியார். பின்பக்கக் கொடியில் யார் துணி தொங்குகிறது என்று லயத்துப் பெண்கள் அத்தனை பேருக்கும் தெரியும். நான் தூரமாகும் நாளை மாமியார் பௌர்ணமியை வைத்து எண்ணிக்கொண்டிருப்பாள். கல்யாணமாகி மூன்று வருஷம், வயிற்றில் ஒன்றுமில்லை. எண்ணத்தானே செய்வாள்!

அப்போதுதான் எனக்கு, தலைக்குக் குளித்த பத்தாம் நாளே மறுபடியும் இரத்தம் பட ஆரம்பித்தது. கொஞ்சமாக இரண்டு நாள் படும், நின்றுவிடும், பிறகு திரும்ப வரும். வெளியே சொன்னால் மாதம் முழுக்க மூலையில் உட்கார வேண்டியதுதான். "என் தம்பி மக நல்ல திடமான பொண்ணு, பக்கத்துத் தோட்டத்துலதான் இருக்கா" என்று மாமியார் ஒரு நாள் என் காதில் விழும்படியே மகனிடம் சொல்லியிருந்தாள். எனக்கு வாய் திறக்கத் தைரியமில்லை. அந்தக் கோலத்திலேயே சமைத்தேன். அந்தக் கோலத்திலேயே மாரியம்மனுக்கு விளக்கேற்றினேன். சீ, என்ன பெண் நான் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

துணியை எங்கே காயப்போடுவது? எனக்கு வேலை புகைவீட்டில். உறைந்த ரப்பர் பாலைத் தகடாக்கி, மூங்கில் கழிகளில் தொங்கவிட்டு, விறகுப் புகையில் காயவைக்கும் இடம். அலசிய துணியை மடியில் மறைத்து எடுத்துப் போய், பின்மூலையில் உச்சிக் கழியில், தகடுகளுக்கு நடுவே போட்டேன். மூன்று மாதம் யாருக்கும் தெரியவில்லை.

ஒரு காலையில் தோட்டத்துக் கணக்கு பார்க்கும் கிராணி வந்து நின்று தகடுகளை இறக்கச் சொன்னார். ஒரு தகட்டோடு ஒட்டிக்கொண்டு துணி ஒன்று வந்தது. அதைக் குச்சியால் தூக்கிப் பிடித்தார்.

"யாருது இது? வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லுங்க!"

பெண்கள் நாங்கள் நான்கு பேர். எனக்கு உயிரே போய்விட்டது. என் கால்விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னுதுங்க ஐயா" என்றாள் எங்களில் மூத்தவளான அக்கா. புருஷன் செத்து வெகுநாளான, ஐம்பதைத் தாண்டியவள்.

ஆம்பளைகள் சிரித்தார்கள். "இந்த வயசுலயா?" என்றான் ஒருவன். அன்றே அவளைப் புல்வெட்டுக்கு மாற்றினார்கள். விதவை கருவைக் கலைத்துவிட்டாள் என்று லயத்தில் பேச்சு. நான் அதையும் கேட்டுக்கொண்டு, தப்பித்தேன் என்று மூச்சு விட்டேன். வெட்கம் கெட்டவள்.

பத்து நாள் கழித்து, கொஞ்சம் சீனியை முந்தானையில் முடிந்துகொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். பாயில் சுருண்டு கிடந்தாள்.

"எனக்காகப் பழிய ஏத்துக்கிட்டீங்களே அக்கா" என்று அழுதேன்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். "உனக்காகவா? அது என்னுதுதான்டி. எனக்கு நின்னு ஆறு வருசமாச்சு. இப்ப திரும்பப் படுது. நானும் அங்கதான் காயப் போட்டேன்." பிறகு என் கையை இறுக்கிப் பிடித்தாள். "அப்ப உனக்கும் இருக்கா? நெசமாவா? ரெண்டு பேருமா ஜொகூர் பாரு ஆஸ்பத்திரிக்குப் போலாம், வா. தனியாப் போக எனக்கு வெக்கமா இருக்கு."

வாசலில் யாரோ தண்ணீர்க் குடத்தோடு போனார்கள். மாமியார் முகம் கண்ணில் வந்து நின்றது.

"இல்லக்கா. எனக்கு ஒண்ணும் இல்ல. வேற என்னமோ நெனச்சுச் சொல்லிட்டேன்" என்றேன்.

அவள் கையை விட்டுவிட்டாள். பயத்தில் அதுவரை எட்டிப்பார்க்காத உச்சிக் கழியை மறுநாள் பார்த்தேன். என் துணி போட்ட இடத்திலேயே இருந்தது. அக்கா ஆஸ்பத்திரிக்குப் போகவே இல்லை. அடுத்த தீபாவளிக்கு அவள் உயிரோடு இல்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள் நான் வேலை செய்யும் இடத்திலேயே மயங்கி விழுந்தேன். லாரியில் போட்டு ஜொகூர் பாருவுக்குக் கொண்டுபோனார்கள். உள்ளே சின்னதாக ஒரு சதை வளர்ந்திருந்ததாம். அதை எடுத்துவிட்டார்கள், ஒரு வாரத்தில் நடமாடினேன். இவ்வளவுதானா! இதற்கா அத்தனை பயந்தேன்?

வெள்ளைக்கார டாக்டரம்மா சொன்னதை யாழ்ப்பாணத்து நர்ஸம்மா எனக்குத் தமிழில் சொன்னார். "இடையில இரத்தம் படுறது உங்கட பிழை இல்லை, பிள்ளை. அது ஒரு வருத்தம், நோய்தான், வந்து காட்ட வேணும். மாதவிலக்கு நிண்டாப்பிறகு படுறதெண்டால் ஒரு நாளும் காட்டாமல் வைச்சிருக்கக் கூடாது. உங்கட பக்கத்தில ஆருக்கும் அப்பிடி இருக்கோ? இருந்தால் கையோட கூட்டிக்கொண்டு வாங்கோ."

"இப்ப யாருக்கும் இல்லம்மா" என்றேன். நான் மறைக்காமல் சொன்ன பதில் அது ஒன்றுதான்.