மூன்று பிளக் ஒரு நம்பர், நாலாவது வேறு

என் பழைய அம்பாசடர் டாக்சிதான் எங்களுக்குச் சோறு. பம்மல் மெக்கானிக் நாலு ஸ்பார்க் பிளக்கையும் மாற்றிய பிறகு, ஆள் ஏற்றினாலே என்ஜின் டக்டக்கென்று தட்டியது. அவரிடமே போய்க் கேட்டேன்.

"கிழட்டு வண்டி இருமத்தான் செய்யும்ணா, ஓட்டு" என்றார். எதிர்த்துக் கேட்கக் கூச்சம்; வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் கழற்றிப் பார்த்தேன். மூன்று பிளக்கின் முனை பிஸ்கட் நிறம், அதுதான் சரி. நாலாவது சுண்ணாம்பாக வெளுத்து, ஓரம் உருகியிருந்தது. அதில் மட்டும் வேறு நம்பர்; இந்த என்ஜினுக்கு ஆகாத, அதிகம் சூடேறும் பிளக். இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் பிஸ்டனே ஓட்டையாகியிருக்கும்.

கொண்டுபோய்க் காட்டினேன். வாங்கி உப்புத்தாளில் தேய்த்துக்கொண்டே, "இப்போ புதுசு மாதிரி கீது, போட்டுக்கோ" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரை நடுத்தெருவில் திட்டினேன்.

இப்போது பிளக்கை நானே வாங்குகிறேன். நம்பர் பார்க்க என் மூன்றாம் வகுப்புப் படிப்பு போதும். கழற்றிய பிளக்கின் நிறத்தை நான் பார்க்கும்வரை யாரையும் துடைக்க விடுவதில்லை.